உர்மத்தின் ஈரல்

"எத்தனை வருஷமா தம்பி குடிக்கிறே?" என்று பேராசிரியர் கிளாரா சாதிகோவ்னா கேட்டபோது, உர்மத் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதை மருத்துவப் பிரிவுக்குள் வருகிறவர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் சட்டம். வெளியே பனி சகதியாகக் கிடந்தது. இடது கால் கட்டைவிரல் காலுறையின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. இவன் உருப்படாதவன் என்பதற்கு அதுவே முதல் சாட்சியாக வந்து நின்றதுபோல இருந்தது.

"நான் தண்ணியைத் தவிர வேற எதையும் தொடறதில்லை மேடம்."

"அது தெரிஞ்சுதானே கூப்பிட்டிருக்கோம்."

"அந்தத் தண்ணி இல்லை மேடம். பச்சைத் தண்ணி."

"எதுவும் கலக்காமலா?"

"கலக்காமத்தான்."

கிளாரா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கலக்காம..." என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வைரம் கிடைத்த சுரங்கக்காரனின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

நடந்தது இதுதான். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் உர்மத் படித்த மருத்துவக் கல்லூரியில், எதிர்கால டாக்டர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றி மேடம் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பெயர் எழுத வேண்டாம், உண்மையை மட்டும் எழுதுங்கள் என்று கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'நீங்கள் குடிப்பதுண்டா?' என்ற கேள்விக்கு எல்லோரும் 'நல்ல நாள், கெட்ட நாளில் மட்டும்' என்று அடக்கமாக எழுதினார்கள். 'உங்கள் வகுப்பில் அதிகம் குடிப்பவர் யார்?' என்ற கடைசிக் கேள்விக்கு, ஐந்தாம் ஆண்டு வகுப்பு முழுவதும் உர்மத் என்ற ஒரே பெயரை எழுதியது. இருதயம் இடது பக்கம் இருக்கிறது என்பதில்கூட அந்த வகுப்பு இத்தனை ஒற்றுமை காட்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உர்மத்துக்குச் சாராய வாசனையே ஆகாது. பள்ளிக்கூட நாளில் அத்தை மகன் கல்யாணத்தில் பெரியவர்கள் வற்புறுத்தி ஒரு வாய் வோட்கா ஊற்றினார்கள். உடம்பெல்லாம் தடித்து, முகம் தந்தூரில் உப்பிய ரொட்டிபோல் ஆகிவிட்டது. அன்றோடு சரி.

ஆனால் கல்லூரி விடுதியில் அதைச் சொல்லிப் பிழைக்க முடியாது. உடற்கூறியல் தேர்வு முடிந்த அன்று விடுதி அறையில் விருந்து வைத்தார்கள். அந்த ஊர் விருந்தில் வாழ்த்துச் சொல்லாமல் குடிக்கக் கூடாது. வாழ்த்துச் சொன்னபின் குடிக்காமல் இருக்கக் கூடாது. ஒருவன் எழுந்து, "நம்ம எல்லாரோட அம்மாவும் நல்லா இருக்கணும்" என்று கோப்பையைத் தூக்குகிறான். எனக்கு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? எவன் அம்மா நாசமாய்ப் போகணும் என்று நினைக்கிறாய் என்று கேட்பார்கள். அதனால் உர்மத் ஒரு கைவித்தை கற்றுக்கொண்டான். வாழ்த்து உச்சத்துக்குப் போய் எல்லோர் கண்ணும் கலங்கும் அந்த நொடியில் அவன் கோப்பையில் வோட்கா தண்ணீராக மாறிவிடும்.

இதன் பலன் அவன் எதிர்பாராதது. மற்றவர்கள் எல்லாம் ஆடினார்கள், அழுதார்கள், படிக்கட்டில் உருண்டார்கள். உர்மத் மட்டும் நேராக எழுந்து, நேராக நடந்து போய்ப் படுத்தான். மறுநாள் காலை வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கணையத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். இரண்டு விருந்துக்குள் அவன் பெயர் மற்ற விடுதிகளுக்கும் பரவிவிட்டது. "எவ்வளவு ஊத்தினாலும் ஆடாத ஆளுடா அவன்." நாரின் என்ற ஊருக்குப் பக்கத்து மலையிலிருந்து வந்து, பேசவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பையனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் மரியாதை அது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

அந்த மரியாதைதான் இப்போது அவனைக் காலுறையோடு நிறுத்தி வைத்திருந்தது.

"ஒத்துக்காம இருக்கிறது இந்த வியாதியோட முதல் அறிகுறி" என்றார் மேடம் பரிவோடு. "நீ இன்னிக்கே ஒத்துக்கணும்னு நான் சொல்லலை. மெதுவா ஒத்துக்கலாம். ஆனா ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

"இல்லேன்னா?"

"அறுவைச் சிகிச்சைப் பிரிவுல பயிற்சிக்குப் பேர் கொடுத்திருக்கியாமே. அங்க அனுப்பறதுக்கு முன்னாடி என்னோட கையெழுத்து வேணும்."

ஒரோஸ்பெக் சார் நடத்தும் அந்தப் பிரிவில் ஒரே ஒரு இடம். முதலாண்டிலிருந்து அதற்காகவே தையல் போட்டுப் பழகியவன் உர்மத். விடுதியில் அவன் தையல் போடாத தலையணை இல்லை.

நேராக அறைத் தோழன் எர்மெக்கிடம் போய் நடந்ததைச் சொன்னான். எர்மெக் ஒரு சம்சாவைக் கடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"எர்மெக், ஒண்ணு சொல்லட்டுமா? நான் குடிக்கறதே இல்லைடா."

எர்மெக் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முகத்தை இன்னும் கொஞ்சம் பாவமா வெச்சுக்கோ. கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லிப் பாரு."

"ஒத்திகை இல்லைடா. நெஜமாச் சொல்றேன்."

"ஆங், இந்தக் குரல்தான். இதை அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லு."

"அவங்க நம்ப மாட்டேங்கறாங்க."

"கவலையை விடு. நான் போய்ப் பேசறேன். சாட்சின்னு ஒருத்தன் போனாத்தான் எடுபடும்."

உர்மத் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூழ்குகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறான், அகப்பட்டது எர்மெக்.

எர்மெக் அன்றே போனான். நண்பனைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறியில், போதை மருத்துவப் பிரிவில் நின்றுகொண்டு உணர்ச்சி பொங்கப் பேசினான்: "மேடம், உர்மத்தைப் போய்க் குடிகாரன்னு சொல்றீங்களே. நாங்க எல்லாம் ரெண்டு ரவுண்டுல சாஞ்சுடுவோம். அவன் முழு பாட்டில் உள்ளே போனாலும் ஒரு வார்த்தை குழறினதில்லை. ஒரு அடி தடுமாறினதில்லை. அவ்வளவு ஒழுக்கமான பையன் மேடம்."

மேடம் உள்ளங்கையில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "உடம்பு பழகிப்போச்சு. இது ரெண்டாவது கட்டம்" என்றார்.

மறுநாளே உர்மத்துக்கு ஒரு காவலும் போடப்பட்டது. அவன் வகுப்பிலேயே ஆய்சுலு என்று ஒருத்தி இருந்தாள். மாணவர்களின் மதுவிலக்கு மன்றத் தலைவி. விடுதி விருந்துகளுக்கு வருவாள். கோப்பையைத் தொட மாட்டாள். ஓர் ஓரத்தில் டீயோடு உட்கார்ந்து, நாடு எப்படிப் போகிறது என்ற கவலையோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் மேஜையைச் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். கல்லூரிக்கு வரும் எல்லா அம்மாக்களும் தங்கள் பையனுக்கு இப்படி ஒரு மருமகள் வர வேண்டும் என்பார்கள். எல்லாப் பையன்களும் வரக் கூடாது என்பார்கள்.

"இனிமே நீ எங்கே போனாலும் நான் கூட வருவேன்" என்றாள் ஆய்சுலு. "மேடம் சொல்லியிருக்காங்க."

"எல்லா இடத்துக்குமா?"

"கழிப்பறை வாசல் வரைக்கும்."

சொன்னபடியே வந்தாள். உணவகத்தில் அவன் டீயை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள். சூப்பை மோந்து பார்த்தாள். ஊரிலிருந்து வந்த குமிஸ் ஜாடியை, "புளிச்ச குதிரைப்பால்தானே, அதுலேயும் போதை இருக்கு" என்று பறித்துக்கொண்டாள். "ஒரு வாய்லதான் எல்லாம் ஆரம்பிக்குது உர்மத்" என்று நடைபாதையில், எல்லோர் காதிலும் விழும்படி அறிவுரை சொன்னாள். கேட்டவர்கள் உர்மத்தை இரக்கத்தோடும், கொஞ்சம் பக்தியோடும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேச்சு எடுபடாது, விஞ்ஞானம்தான் கைகொடுக்கும் என்று உர்மத் முடிவு செய்தான். மேடத்திடம் போய், "என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க. ஈரலை ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்றான்.

பார்த்தார்கள். ரத்தம் பாலைப்போலச் சுத்தம். ஈரல் புத்தகத்தில் போட்ட படம்போல இருந்தது. உர்மத் நிம்மதியாக மூச்சு விட்டான். மேடம் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு வருஷம் கலக்காம உள்ளே தள்ளியிருக்கே" என்றார். குரல் தழுதழுத்தது. "இந்த ஈரல் ஒரு அதிசயம் தம்பி. உலகத்துக்குத் தெரிய வேண்டிய ஈரல்."

அடுத்த நாள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். உர்மத் சட்டையைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்க, ஒவ்வொருவராக வந்து விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்கள். குளிர்காலம். ஒருவன் கைகூடச் சூடாக இல்லை.

"மேடம், ஈரல் கைக்குத் தட்டுப்படவே இல்லையே" என்றான் ஒருவன்.

"அதுதான் விசேஷம். இன்னும் நல்லா அழுத்து."

வரிசையின் கடைசியில் வந்த பெண் குனிந்து மெதுவாக, "அண்ணா, எந்த பிராண்டு?" என்று கேட்டாள்.

அல்மாட்டியில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு ஈரலை அழைத்துப் போவதாக மேடம் அறிவித்தார். உர்மத்தும் கூட வர வேண்டியிருக்கும் என்றார்.

அன்று உர்மத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. குடிக்கவில்லை என்பதை நிரூபிக்க முடியாது. ஆனால் குடித்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்றால் கதை முடிந்துவிடும் அல்லவா? நோய் இருந்தால்தானே குணமாக முடியும்! இத்தனை சுலபமான வழி முதல் நாளே தோன்றாமல் போனதே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"மேடம், நான் ஒத்துக்கறேன். குடிக்கிறேன்."

மேடம் எழுந்து வந்து அவன் நெற்றியில் முத்தமிட்டார். ஆய்சுலு கைதட்டினாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

உர்மத்துக்கு அளவு தெரியவில்லை. குறைத்துச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பட்டது. "ஒரு வாளி" என்றான். மேடத்தின் கண்கள் விரிவதைப் பார்த்து, "சின்ன வாளி" என்று திருத்தினான்.

"நிறுத்திட்டியா?"

"நேத்தோட நிறுத்திட்டேன்."

"அப்படீன்னா கை நடுங்கணுமே. நீட்டு, பார்க்கலாம்."

நீட்டினான். தலையணைகளில் தையல் போட்டுப் பழகிய கை, கல்லைப்போல நின்றது. மேடத்தின் புருவம் சுருங்கியது. பொய் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில் உர்மத் விரல்களை லேசாக ஆட்டினான். அவர் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் ஆட்டினான். "ஆமா, ஆமா" என்றார் மேடம். அந்த உற்சாகத்தில் அவன் இரண்டு கைகளையும் தோளிலிருந்து உதற ஆரம்பித்தான். மேஜையில் இருந்த டீக்கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கதவு திறந்தது. மேடத்தோடு டீ குடிக்க வந்த அறுவைப் பிரிவுத் தலைவர் ஒரோஸ்பெக் வாசலில் நின்று அந்தக் கைகளைப் பார்த்தார். உடைந்த கோப்பையைப் பார்த்தார்.

"இந்தக் கையையா நான் ஆபரேஷன் அறைக்குள்ள விடறதா இருந்தேன்?" என்றார்.

உர்மத் உடனே ஆட்டத்தை நிறுத்தினான். "சார், நின்னுடுச்சு சார். பாருங்க."

"திரும்ப எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

குடும்பத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் சிகிச்சை முழுமையாகாது என்று மேடம் அன்று மாலையே நாரினுக்குத் தொலைபேசியில் பேசினார். உர்மத்தின் அப்பா ஷர்ஷென் கால்நடை டாக்டர், கோபக்காரர். உர்மத் அறைக்குப் போய், போர்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருந்தான். அழைப்பு வந்தது.

"உங்க டீச்சரம்மா எல்லாத்தையும் சொன்னாங்க" என்றார் அப்பா.

"அப்பா, அது வந்து..."

"ஒரு வாளியாமே."

"சின்ன வாளிப்பா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அத்தை மகன் கல்யாணத்துல ஒரு வாய் குடிச்சிட்டு நீ விழுந்ததுலேர்ந்து, உன் பெரியப்பா என்னை என்ன பேச்சுப் பேசியிருக்கான் தெரியுமா? பையனைப் பெத்தியா, பாப்பாவைப் பெத்தியான்னு கேட்டாண்டா. இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னேன். வாயைத் திறக்கலை அவன்."

"அப்பா, இது வியாதிங்கறாங்க."

"வியாதிதான். ஒழுங்கா மருந்து சாப்பிட்டு விட்டுடு. ஆனா இருந்ததுங்கறதை மறைக்காதே."

வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா அவனைப் பற்றிப் பெருமைப்பட்டிருந்தார். உர்மத் போர்வையை விலக்கி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக மேடம் ஒரு வழி சொன்னார். நண்பர்கள் எல்லோர் முன்னிலையிலும் உர்மத் எழுந்து நின்று, அவர்களையும் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இனித் தொடுவதில்லை என்று சொல்ல வேண்டும். ஒரோஸ்பெக் சாரையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவர் மனசு இளகினாலும் இளகலாம் என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். எர்மெக் வந்தான். விருந்துகளில் முதலில் பாட ஆரம்பித்து, படிக்கட்டில் உருண்டு ஒருமுறை மணிக்கட்டை முறித்துக்கொண்ட தாலாய் வந்தான். விடுதி நண்பர்கள் மற்றவர்களும் சாவு வீட்டு முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆய்சுலு எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கோப்பையோடு ஓரத்தில் அமர்ந்தாள். ஒரோஸ்பெக் கடிகாரத்தைப் பார்த்தார்.

உர்மத் எழுந்து நின்றான். பேசத் தயாரித்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. இதைச் சொல்லிவிட்டால் அல்மாட்டியிலும் சொல்ல வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். திடீரென்று அவனுக்கு அலுத்துவிட்டது.

"நான் அஞ்சு வருஷத்துல ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லை" என்றான். "எனக்கு ஒத்துக்காது. சொன்னா நீங்க சேர்த்துக்க மாட்டீங்கன்னு பயந்தேன். வாழ்த்துச் சொல்லும்போது என் கோப்பையைப் பழச்சாறு ஜாடியில ஊத்திடுவேன். கோட்டுப் பையில தண்ணி பாட்டில் இருக்கும். அதைத்தான் குடிச்சேன். என்னைப் பெரிய ஆளுன்னு நீங்க நெனச்சது எல்லாம் பொய். மன்னிச்சுக்குங்க."

"மறுபடியும் முதல் கட்டத்துக்குப் போயிட்டான்" என்று மேடம் ஒரோஸ்பெக்கிடம் வருத்தமாகச் சொன்னார்.

எர்மெக் நாற்காலியில் நெளிந்தான். "எந்த ஜாடியில?" என்றான்.

"நீல ஜாடி."

"நான் டீ கெட்டில்ல ஊத்துவேன்" என்றான் எர்மெக், தரையைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்ல அப்பா ஒருத்தர் குடிக்கறது போதும்னு எனக்குத் தோணும். உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்தது."

"டேய், நீ என் தோள்ல சாஞ்சு அழுவியே" என்றான் தாலாய்.

"நீ அழுதே. நான் சும்மா இருந்தா நல்லா இருக்காதேன்னு அழுதேன்."

"நான் உனக்காகத்தாண்டா அழுதேன்" என்றான் தாலாய். அவன் முகம் வெளுத்துவிட்டது. "நானும் அந்த நீல ஜாடியிலதான் ஊத்தினேன்."

"படிக்கட்டுல உருண்டியே? கை ஒடிஞ்சுதே?"

"எல்லாரும் தள்ளாடும்போது நான் மட்டும் எப்படி நேரா எறங்கறது? கொஞ்சம் அதிகமா நடிச்சுட்டேன்."

வட்டத்தில் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவன் குளிர்கால முட்டைக்கோஸ் ஊறுகாய்க் கிண்ணத்தில் ஊற்றியிருந்தான். இன்னொருவன் சூப்பில் ஊற்றியிருந்தான். எல்லோரும் மற்ற எல்லோருக்கும் பயந்து, ஐந்து வருஷமாக விடிய விடியத் தள்ளாடியிருந்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு அறையே சிரித்தது. உர்மத் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியதுபோல இருந்தது.

சிரிக்காதவர் கிளாரா மேடம் ஒருவர்தான். "அப்போ இந்த வகுப்புல குடிக்கறவங்களே இல்லையா?" என்று, கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர்போலக் கேட்டார். "என் ஆராய்ச்சி என்ன ஆறது?"

ஒரோஸ்பெக் உர்மத்தின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நடுங்கவில்லை. "திங்கட்கிழமை வந்துடு" என்றார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டவர், ஏதோ கணக்கு உதைப்பதுபோல நின்றார்.

"வாங்கினது நெஜ வோட்கா. ஜாடியில, கெட்டில்ல எல்லாம் அது ரொம்பியிருக்கணுமே. விருந்து முடிஞ்சதும் மேஜையை யாரு சுத்தம் பண்ணுவாங்க?"

எல்லோரும் திரும்பி ஓரத்தைப் பார்த்தார்கள்.

ஆய்சுலு தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"நீங்க எல்லாரும் மொடா மொடாவாக் குடிச்சது போக, ஏதோ மிச்சத்தைத்தான் நான் குடிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.